நாற்காலிக் கணக்கு

ஜனவரியில் செதுக்குவதற்கு ஒன்றும் இல்லை.
மியர்பேங்கில் எண்ணெய் ஆலையின் நாற்றம்
உள்சட்டைபோல் உடம்பில் ஒட்டுகிற மாதம்.
கடலைச் செய்து அலுத்துவிட்டது,
கடலுக்கும் என்னை அலுத்திருக்கும்.
தைப்பூசத்தன்று காவடி பார்க்கப் போனவள்
நாற்காலிகளைப் பார்த்துவிட்டு வந்தேன்.

வெள்ளை பிளாஸ்டிக். வாடகைக்கு.
முதுகு சாய்க்குமிடத்தில் சிவப்புப் பெயிண்டில் ஆர் எம்.
ரத்னசாமி முருவன், இரண்டு தெரு தள்ளி.
கல்யாணத்துக்கு முந்நூறு, கருமாதிக்கு எண்பது,
தண்ணீர்க் கட்டணத்தை எதிர்க்கும் கூட்டத்துக்கு இருபது,
அதிலும் பாதி காலி.
போன வாரம் மாப்பிள்ளையின் மாமா உட்கார்ந்ததில்
இந்த வாரம்
அவரைத் தூக்கக் காத்திருப்பவர்கள்.

தரைக்குப் போட்டு மிஞ்சிய லினோவை
ஜேக்கப்ஸ் ரோட்டில் எடை போட்டு வாங்கினேன்.
அச்சு இயந்திரம் கிடையாது,
குழம்புக் கரண்டியின் முதுகுதான்.
ஒரு தாளுக்கு நாற்பது நிமிடம் தேய்க்க வேண்டும்.
கரண்ட் இருக்கும்போது வெட்டினேன்,
இல்லாதபோது தேய்த்தேன்.
தேய்க்கக் கண் எதற்கு?

ஏப்ரல் மழையில் கராஜுக்குள் தண்ணீர்.
பதினோரு தாள்கள்.
கொடியில் காயப்போட்டதில் ஒன்று மட்டும்
முன்னைவிட நன்றாக இருந்தது.
மழை செய்ததை என் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

பிறகு பெரியது: அறுபது நாற்காலிகள்,
யாருமில்லாத மைதானம், ஆடி மாதக் காற்று.
மூன்று மாதம் வெட்டினேன். வலது கட்டைவிரல் மரத்தது.
சனிக்கிழமை வகுப்பில் பிள்ளைகளிடம்
எழுத்தை மட்டும் திருப்பி வெட்டுங்கள், மறக்காதீர்கள் என்று
தொண்டை கிழியச் சொன்னதும் அந்த மூன்று மாதத்தில்தான்.

தாளை உரித்தபோது பார்த்தேன்.
எம் முன்னால் வந்துவிட்டது,
அதற்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான்.
ஆர் மட்டும் திரும்பி நின்று
எம்மை உதைப்பதுபோல் காலை நீட்டிக்கொண்டிருந்தது.
அறுபது தடவை.

ஃப்ளோரிடா ரோட்டில், புரட்டாசியில், திறப்பு விழா.
தேதி சொல்லும்போதே சொன்னேன்,
காட்சியகக்காரி கோழி ரோல்தான் அடுக்கியிருந்தாள்.
எங்கள் பக்கத்து ஆட்கள் திராட்சையைக் காலி செய்தார்கள்.
பல் மருத்துவர் ஒருவர் சிறியதில் இரண்டு வாங்கினார்,
சிவப்புப் பொட்டு வைத்தார்கள்.
நூற்றுக்கு நாற்பது அவர்களுக்கு,
மீதி சட்டம் போட்டவனுக்கு.
திரும்பி நின்ற எழுத்துகளுக்கு முன்னால்
ஒருவர் நெடுநேரம் பேசினார்:
வரலாற்றை மறுபக்கத்திலிருந்து வாசிக்கும் துணிவு.
ஒயின் கிளாஸைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன்.

முருவன் டை கட்டிக்கொண்டு வந்திருந்தார்.
கண்ணாடிமேல் விரல் படாமல்
வரிசை வரிசையாக எண்ணினார்.
"அறுபது. சரியா இருக்கு."
கொஞ்சம் குனிந்தார்.
"எழுத்து தப்பு."
ஆமாம், மறந்துவிட்டேன் என்றேன்.
அன்று இரவு முழுக்க
வேறு யாரிடமும் சொல்லாதது.
விலையைப் பார்த்தார்.
"இதுக்கு நாப்பது நாற்காலி வாங்கலாம்மா"
என்றார், குறையாக அல்ல,
கணக்குத் தெரிந்தவராக.

நவம்பரில் விற்காதவை வேனில் திரும்பின.
பெரியதன் கண்ணாடியில் ஒரு கீறல்,
மூன்றாம் வரிசையிலிருந்து வானம்வரை.
கட்டிலுக்கு அடியில் நுழையவில்லை,
அலமாரிக்குப் பின்னால் சுவரைப் பார்த்து வைத்தேன்.

டிசம்பரில் எதிர்வீட்டு கோகிலனுக்கு நிச்சயதார்த்தம்.
கைக்கு நாலாகத் தூக்கிவந்த முருவன்
புதுச் சரக்கு என்றார்.
விரித்துப் போட்டார்.
எம் முன்னால்.
ஆர் திரும்பி, காலை நீட்டி.

"களவு போனா அடையாளம் தெரியணுமில்ல?
வேற எவனும் இப்படி எழுத மாட்டான்."
போகிறபோக்கில்,
"பெயிண்ட் காயலே. சாயாதே" என்றார்.

சாய்ந்து உட்கார்ந்தேன்.
மோதிரம், போட்டோ, பாயசம், பேச்சு,
தோளை அழுத்தியபடி இரண்டு மணி நேரம்.

வீட்டுக்கு வந்து
வெள்ளைச் சட்டையைக் கழற்றி
விளக்கடியில் விரித்தேன்.

ஓரங்கள் சுத்தம். மை சீராக ஏறியிருக்கிறது.
ஆர் நேராக நிற்கிறது.